கடைசி வார்த்தைக்கு ஆட்சேபணை

ஐந்து பந்தயங்கள். ஐந்திலும் முதலில் வரும் குதிரையை முன்கூட்டியே சொல்ல வேண்டும். நாலு சரி, ஒன்று தப்பு என்றால் கையில் காற்றுதான். ஐந்தும் சரி என்றால் ஜாக்பாட். போன வாரம் யாருமே சரியாகச் சொல்லாததால் அந்தப் பணமும் இந்த வாரப் பணத்தோடு சேர்ந்து, சும்மா கிடக்கிற மலை மாதிரி கிடந்தது. யாராவது ஒருவர் போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி.

அந்த ஒருவர் நான்தான் என்று ஒரு வெள்ளிக்கிழமை மாலை முடிவு செய்தேன். அப்போது ஒரு பெரியவரின் இடது கண்ணைப் பரிசோதித்துக்கொண்டிருந்தேன்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பார்ப்பது என் வேலை. வருகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து, எதிர்ச் சுவரில் இருக்கும் பலகையின் கடைசி வரியைப் படிக்கச் சொல்வேன். அவர் அங்கே திணறிக்கொண்டிருக்கும் நேரத்தில், மேஜை இழுப்பறையைக் கொஞ்சம் திறந்து ரேஸ் புத்தகத்தை நான் படிப்பேன். அவருக்குப் புரியாத எழுத்து அங்கே, எனக்குப் பிடிபடாத குதிரை இங்கே. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விடுவோம். ஒருமுறை ஞாபகப் பிசகாக ஒருவரிடம், "வலது கண் நல்லா இருக்கு, இடது கண் ஆயிரத்து நானூறு மீட்டருக்கு மேல மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டேன். மனிதர் நேராக இதய டாக்டரிடம் போனதாகக் கேள்வி.

குதிரைப் பந்தயம் அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள் தோற்பார்கள். நானும் தோற்றிருக்கிறேன். ஆனால் கணக்குப் போட்டுத் தோற்றேன். அதற்கென்று ஒரு கௌரவம் உண்டு.

கணக்கு என்ன என்று கேட்டால், முக்கியமானது எடை. நன்றாக ஓடும் குதிரையின் முதுகில் அதிக எடை ஏற்றுவார்கள். சுமாரான குதிரைக்குக் குறைந்த எடை. எல்லாக் குதிரைகளும் ஏறக்குறைய ஒன்றாக வந்து சேரவேண்டும் என்பது ஏற்பாடு. குடும்பங்களிலும் இதே ஏற்பாடுதான் நடக்கிறது. யார் நன்றாக ஓடுகிறார்களோ அவர்கள் முதுகில்தான் எல்லாவற்றையும் ஏற்றுவார்கள். எங்கள் வீட்டில் முழு எடையும் என் மனைவியின் முதுகில். நான் இறகு மாதிரி ஓடுகிறேன். அப்படியும் அவள்தான் முதலில் வந்து சேர்கிறாள்.

அவள் தையல்காரி. வீட்டு முன்னறைதான் அவள் கடை. பள்ளிச் சீருடை, ஆபீஸ் சட்டை, இடுப்பு பெருத்தவர்களின் கால்சட்டை என்று நாள் முழுவதும் மிஷின் ஓடும். என் சம்பளம் மாதத்தின் பாதியில் களைத்து நின்றுவிடும். மீதிப் பாதியை அவள் மிஷின்தான் ஓட்டிக்கொண்டு போகும்.

குதிரை என்றால் அவளுக்கு ஆகாது. கல்யாணமான புதிதில் நான் மைதானத்துக்குப் போய்விட்டு வெறும் கையோடு வந்தபோது, குதிரை ஓடினால் அதன் பின்னாலேயே சம்பளமும் ஓடுகிறது, குதிரையாவது சுற்றிக்கொண்டு புறப்பட்ட இடத்துக்கே வருகிறது என்று சொன்னாள். இனிமேல் அந்த மைதானத்தில் காலை வைக்கமாட்டேன் என்று அன்றைக்கே சத்தியம் செய்தேன். இன்றுவரை காப்பாற்றி வருகிறேன். காலை வைக்கமாட்டேன் என்றுதான் சொன்னேன். பணத்தை வைக்கமாட்டேன் என்று நான் சொல்லவில்லை.

பணத்தை வைப்பதற்கு ஒரு கை வேண்டுமே. அது என் மச்சான். மனைவியின் தம்பி. குதிரை லாயங்களுக்கு வேனில் வைக்கோல் ஏற்றிக்கொண்டு போவது அவன் தொழில். எப்போது பார்த்தாலும் தலையில் இரண்டு துரும்பு ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் எல்லோரும் அவனை வைக்கோல் என்றே கூப்பிடுவார்கள். போன வருடம் ஒருநாள் அவனைத் தனியாகக் கூப்பிட்டு, சனிக்கிழமைதோறும் என் பணத்தைக் கொண்டுபோய் நான் சொல்கிற குதிரைமேல் கட்டவேண்டும் என்று கேட்டேன். அக்காவுக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவாள் என்றான். உரிக்கப்போவது என் தோலைத்தானே என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சரி என்றான். நல்ல பிள்ளை. அன்றிலிருந்து ஒரு வாரம்கூடத் தவறியதில்லை.

பெரும்பாலும் தோற்றேன். நடுநடுவே சின்னதாக ஜெயித்தேன். ஜெயித்த பணத்தை வைக்கோல் மறுநாளே கொண்டுவந்து கொடுத்துவிடுவான். அந்த நோட்டுகளில் ஒரு எண்ணெய் வாசனை அடிக்கும். குதிரையின் காலுக்குத் தடவுகிற எண்ணெயாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன். மைதானத்துக்குப் போகமுடியாத எனக்கு அந்த வாசனையே மைதானம். சில நாள் தூங்கப்போகும் முன் முகர்ந்து பார்த்துவிட்டுப் படுப்பேன்.

இப்போது ஜாக்பாட்டுக்கு வருவோம். ஐந்து பந்தயத்துக்கும் ஒவ்வொரு குதிரை மட்டும் சொன்னால் செலவு குறைவு, ஆபத்து அதிகம். எல்லாவற்றிலும் மூன்று நாலு குதிரை சொன்னால் ஆபத்து குறைவு, ஆனால் செலவு ஒன்றோடொன்று பெருக்கிக்கொண்டு குட்டி போட்டுவிடும். ஆகவே எங்கே ஒரு குதிரையை மட்டும் நம்பி நிற்பது, எங்கே சந்தேகத்துக்கு இரண்டு மூன்றைச் சேர்ப்பது என்பதில்தான் மூளை இருக்கிறது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும்போது இந்த வசதி இருந்திருந்தால் பலபேர் சந்தேகத்துக்கு மூன்று பெண் சொல்லியிருப்பார்கள். நான் ஒன்றே ஒன்று சொன்னவன். அதில் எனக்கு வருத்தமில்லை. அவளுக்குத்தான் இருக்கலாம்.

வியாழக்கிழமை மழை பெய்திருந்தது. ஓடுதளம் இளகியிருக்கும். முதல் பந்தயத்தில் எடை குறைவாகச் சுமக்கும் இரண்டு குதிரைகளைச் சேர்த்தேன். இரண்டாவதில் ஒத்தையடிப்பாதை என்ற குதிரை மட்டும். மூன்றாவது குழப்பமான பந்தயம், அதனால் மூன்று. நாலாவதில் இரண்டு. ஐந்தாவதில் ஒன்றே ஒன்று. அதன் பெயர் கடைசி வார்த்தை.

பெயருக்காக எடுத்தேன் என்று நினைக்காதீர்கள். ஈரத் தரையில் இரண்டு தடவை ஜெயித்த குதிரை. தூரமும் அதற்குப் பிடித்த தூரம். ஆனால் பெயரும் கொஞ்சம் இழுத்தது என்பதை மறைப்பானேன். என் வீட்டில் கடைசி வார்த்தை எப்போதும் என்னுடையதாக இருந்ததில்லை. குதிரையாகவாவது இருந்துவிட்டுப் போகட்டுமே.

சனிக்கிழமை காலையில் தெருமுனையில் வைக்கோலின் வேனை நிறுத்தி, குதிரைகளின் எண்களைச் சொல்லிப் பணத்தைக் கொடுத்தேன். வழக்கத்தைவிடக் கனமான தொகை. இவ்வளவா மாமா என்று கேட்டான். அஞ்சும் அடிக்கும், நீ பார்த்துக்கொண்டே இரு என்றேன். அவன் முகத்தில் ஒரு மாதிரியான இரக்கம் தெரிந்தது. என் பணத்துக்காக இரக்கப்படுகிறான் என்று நினைத்தேன்.

அன்று எனக்குக் கடை இல்லை. வாசலில் தண்ணீர்க் குழாய் பதிக்க நகராட்சி பெரிய பள்ளம் தோண்டிவிட்டது. கண் சரியாகத் தெரியாதவர்கள் தேடி வருகிற கடை. முதலாளி யோசித்துப் பார்த்துவிட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். ஆகவே ஆயுளில் முதல் தடவையாகப் பந்தய நேரத்தில் வீட்டில் இருந்தேன். முன்னறையில் மனைவி. கையில் கைபேசி. அதில் நேரடி ஒளிபரப்பு. எங்கே வைத்துப் பார்ப்பது?

குளியலறைதான். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போய்த் தாழ்ப்பாள் போட்டேன். வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தேன். வர்ணனை வெளியே கேட்காமல் இருக்க, தொட்டிக் குழாயைத் திறந்துவிட்டேன்.

முதல் பந்தயம். என் இரண்டு குதிரைகளில் பஞ்சுமூட்டை என்பது, பெயருக்கேற்றபடி காற்றில் பறந்து வந்து ஜெயித்தது. தொடையில் தட்டிக்கொண்டேன்.

இரண்டாவதில் ஒத்தையடிப்பாதை யாரையும் பக்கத்தில் சேர்க்காமல் தனியாக வந்தது.

மூன்றாவதில் தூறல் என்ற குதிரை. சேற்றை வாரி மற்றவர்கள் முகத்தில் அடித்துக்கொண்டு வந்தது. அப்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். வர்ணனை இரண்டு தடவை கேட்டது. என் கைபேசியில் ஒரு தடவை, கொஞ்சம் தாமதமாக எங்கிருந்தோ மெலிதாக இன்னொரு தடவை. குளியலறையின் எதிரொலி என்று நினைத்தேன். தையல் மிஷின் சத்தமும் வெகுநேரமாக நின்றுபோயிருந்தது. அதை நான் நினைக்கவே இல்லை.

நாலாவது பந்தயத்தில் சம்பள நாள் என்ற குதிரை. சம்பள நாள் என்றைக்குமே தாமதமாகத்தான் வரும். அன்று முதலில் வந்தது.

நாலு பந்தயம், நாலும் சரி. நான் வாளியிலிருந்து எழுந்து நின்றேன். கண்ணாடியில் ஒரு பணக்காரன் தெரிந்தான். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். முதலில் ஒன்றும் சொல்லாமல் மிஷினை நிறுத்தச் சொல்லவேண்டும். இனிமேல் நீ யார் இடுப்புக்கும் அளவெடுக்க வேண்டாம் என்று சொல்லவேண்டும். அவள் புரியாமல் பார்ப்பாள். அந்தப் பார்வைக்காகத்தான் நான் இத்தனை வருடம் தோற்றேன் என்று தோன்றியது.

வாசலில் வேன் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. பிறகு முன்னறையில் கிசுகிசுப் பேச்சு. பிறகு கதவைத் தட்டினார்கள்.

"என்னங்க, கொஞ்சம் வெளியே வாங்க."

"குளிக்கிறேன்."

"போனை வெச்சுக்கிட்டா? பரவாயில்லை, வாங்க. தம்பி வந்திருக்கான்."

போன் விஷயம் இவளுக்கு எப்படித் தெரியும் என்று யோசிப்பதற்குள் வைக்கோலின் குரல், கதவுக்கு அந்தப் பக்கம், அழுகிற மாதிரி கேட்டது.

"மாமா, டிக்கெட் வாங்கலை."

"எந்த டிக்கெட்?"

"இன்னிக்கு டிக்கெட். ஜாக்பாட்."

நான் கதவில் கையை ஊன்றிக்கொண்டேன். மறந்துட்டியா என்று கேட்டேன்.

"மறக்கலை மாமா. எப்பவுமே வாங்கினதில்லை."

தாழ்ப்பாளைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். தலையில் துரும்போடு வைக்கோல் நின்றான். முகம் வெளுத்திருந்தது. நாலாவது பந்தயம் முடிந்ததும் மைதானத்திலிருந்து நேராக வேனை விரட்டிக்கொண்டு வந்திருக்கிறான். பக்கத்தில் மனைவி. அவள் கையில் அவளுடைய கைபேசி, அதில் அதே மைதானம், அதே குதிரைகள். எதிரொலி எங்கிருந்து வந்தது என்று புரிந்தது.

"அப்ப போன மாசம் ஜெயிச்சேனே, அந்தப் பணம்?"

"அக்கா குடுத்தது."

எல்லாம் மெல்ல மெல்ல வெளியே வந்தது. முதல் சனிக்கிழமை நான் பணத்தைக் கொடுத்த அரை மணி நேரத்திலேயே வைக்கோல் அக்காவிடம் வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். அவள் கோபப்படவில்லையாம். யோசித்தாளாம். தடுத்தால் நான் வேறு யார் மூலமாவது கட்டுவேன், அப்போது பணம் நிஜமாகவே போய்விடும். அதனால் பணத்தைத் தன்னிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் தோற்றால் பணம் வீட்டிலேயே இருக்கும். ஜெயித்தால் மைதானத்தில் என்ன கொடுப்பார்களோ அதை ஒரு காசு குறையாமல் அவளே எடுத்துத் தம்பியிடம் கொடுத்து அனுப்புவாள். நான் இரவுகளில் முகர்ந்து பார்த்தது குதிரை எண்ணெய் இல்லை. தையல் மிஷின் எண்ணெய்.

அதாவது ஒரு வருடமாக நான் என் மனைவியிடமே பந்தயம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"ஜாக்பாட் அடிச்சா என்ன பண்றதா இருந்தே?" என்று கேட்டேன்.

அவள் தலையைக் குனிந்துகொண்டு உண்மையைச் சொன்னாள்.

"நீங்க அடிப்பீங்கன்னு நெனைக்கவே இல்லைங்க."

இத்தனை வருடக் குடும்ப வாழ்க்கையில் என்மேல் அவ்வளவு உறுதியான நம்பிக்கையை யாரும் வைத்ததில்லை.

எனக்குக் கோபம் வரவேண்டும் என்று தெரிந்தது. வரவும் செய்தது. வாயைத் திறந்தேன். அப்போதுதான் தையல் மேஜையைப் பார்த்தேன். கத்தரிக்கோலுக்கும் நூல்கண்டுக்கும் நடுவில் அவளுடைய இரண்டு வளையல்கள் கழற்றி வைக்கப்பட்டிருந்தன. பக்கத்தில் அவளுடைய வங்கிப் புத்தகம். மேலே சுருக்குப் பை. என் பார்வை போன இடத்தைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்.

"எவ்வளவு வரும்னு தெரியலை. முதல்ல இதை வெச்சுக்கங்க. மீதிய தெச்சுக் குடுத்துடறேன்."

அவள் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பந்தயத்தை வாங்கிக்கொண்டவள் பணத்தைக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரிந்த நியாயம். நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அந்த ஜாக்பாட்டைத் தைத்து அடைப்பதென்றால் இந்த ஊரில் இருக்கிற அத்தனை பள்ளிக்கூடங்களுக்கும் சீருடை தைக்கவேண்டும். அந்தப் பிள்ளைகள் வளர்ந்து கிழவர்களாகி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கும் தைக்கவேண்டும். வெறும் மணிக்கட்டோடு அவள் நிற்பதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. திறந்த வாயை மூடிக்கொண்டேன்.

வளையலைப் போட்டுக்கொள் என்றேன். அவள் போட்டுக்கொள்ளவில்லை. பந்தயம் முடியட்டும் என்றாள்.

இப்போது ஏதாவது செய்யமுடியுமா என்று வைக்கோலைக் கேட்டேன். ஜாக்பாட் டிக்கெட்டை முதல் பந்தயத்துக்கு முன்பே வாங்கியிருக்க வேண்டும், இனிமேல் ஒன்றும் முடியாது என்றான். அப்புறம் நாங்கள் மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றோம். மூன்று பேருக்கும் ஒரே விஷயம்தான் தோன்றியிருக்க வேண்டும். சொன்னது நான்.

"அப்ப ஒரே வழிதான். கடைசி வார்த்தை தோக்கணும்."

அது ஜெயித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடனை நான் கேட்கமாட்டேன். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் மூன்று பேர் உட்காருவோம். நான், அவள், வராமல் போன அந்தப் பணம். மழை ஒழுகினால் அது பேசும். அரிசி தீர்ந்தால் அது பேசும். நான் சும்மா உட்கார்ந்திருந்தாலும், அதைத்தான் நினைக்கிறேன் என்று அவள் நினைப்பாள். சும்மா இருப்பதுதான் எனக்குத் தெரிந்த ஒரே கலை. அதுவும் போய்விடும்.

அவளுடைய கைபேசியைத் தையல் மிஷினில் சாய்த்து வைத்தோம். முக்காலியில் அவள், பக்கத்தில் நான், தரையில் வைக்கோல். குதிரைகள் புறப்படும் இடத்துக்கு நடந்து போய்க்கொண்டிருந்தன. கடைசி வார்த்தை கழுத்தை வளைத்து, மினுமினுவென்று, சண்டைக்குப் போகிற மாதிரி நடந்தது. எவ்வளவு நல்ல குதிரை.

இது நிஜமாகவே நல்லா ஓடுமா என்று அவள் மெதுவாகக் கேட்டாள். நான் வருத்தத்தோடு விளக்கினேன். ஈரத் தரை அதற்குப் பிடிக்கும். தூரம் பிடிக்கும். ஓட்டுகிற ஜாக்கி கெட்டிக்காரன். எடையும் போன தடவையைவிடக் குறைவு. சொல்லச் சொல்ல அவள் முகம் தொங்கிப்போனது. எதுக்குங்க இவ்வளவு சரியாப் பார்த்தீங்க என்றாள். இனிமே பார்க்கமாட்டேன் என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக என் கணிப்பு சரியாக இருந்துவிடுமோ என்று பயந்தேன்.

குதிரைகள் புறப்படும் கூண்டின் கதவுகள் திறந்தன. கடைசி வார்த்தை பின்னால் கிடந்தது. வைக்கோல் தரையில் குத்தி, அங்கேயே இருடா அங்கேயே இரு என்று முணுமுணுத்தான். வளைவில் அது மெல்ல முன்னேறியது. ஆறாவது, நாலாவது. முன்னால் போய்க்கொண்டிருந்தது அமைதி என்ற குதிரை. அதை எப்படி நான் விட்டேன் என்று இப்போது யோசிக்கிறேன். அமைதி எங்கள் வீட்டுப் பக்கம் வந்ததில்லை என்பதால் அதன்மேல் எனக்கு நம்பிக்கை பிறக்கவில்லை போலிருக்கிறது.

கடைசி நேர் ஓட்டம். அமைதி முன்னால். கடைசி வார்த்தை வெளிப்பக்கமாக இழுத்துக்கொண்டு வருகிறது. என் மனைவி என் முழங்கையைப் பிடித்திருந்தாள். தையல்காரியின் விரல்கள், இடுக்கி மாதிரி. போ அமைதி, போ அமைதி என்று நான் என் சொந்தக் குதிரைக்கு எதிராகக் கத்தினேன். அமைதி போகவில்லை. இரண்டும் சேர்ந்து கோட்டைக் கடந்தன. படத்தை நிறுத்திப் பார்த்து அறிவித்தார்கள். கடைசி வார்த்தை, ஒரு மூக்கு வித்தியாசத்தில் முதலிடம்.

ஐந்தும் சரி.

மனைவி எழுந்து, மேஜைமேல் இருந்த வளையல்களை எடுத்து என் கையில் வைத்தாள். அவளுக்கு நான் ஆறுதல் சொல்லவேண்டும். வாழ்க்கையில் முதல் தடவையாக ஜாக்பாட் அடித்த மனிதன் நான். எனக்கு யாராவது ஆறுதல் சொன்னால் தேவலை போலிருந்தது.

"மாமா, இருங்க" என்றான் வைக்கோல்.

திரையில் ஏதோ மணி அடித்தது. கடைசி வார்த்தைமேல் ஆட்சேபணை.

என்ன அப்படின்னா என்று மனைவி கேட்டாள். கோட்டுக்குச் சற்று முன்னால் கடைசி வார்த்தை குறுக்கே புகுந்து அமைதியைக் கெடுத்துவிட்டது என்று மற்ற ஜாக்கி புகார் கொடுத்திருக்கிறான், நடுவர்கள் ஓட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்து முடிவு சொல்வார்கள் என்றேன். எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆனால் மைதானத்தில் அதற்குத் தண்டனை உண்டு.

காத்திருந்தோம். திரையில் ஓட்டத்தை மெதுவாகக் காட்டினார்கள். கண் பார்ப்பது என் தொழில் இல்லையா, மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். கோட்டை நெருங்கும்போது என் குதிரை உள்பக்கம் சாய்ந்தது. அமைதியின் ஜாக்கி கடிவாளத்தை இழுத்துப் பிடித்தான். சாஞ்சிடுச்சு, நல்லா சாஞ்சிடுச்சு என்று மனைவியிடம் சொன்னேன். நெசமாவா என்று கேட்டாள். அந்த ஒரு நிமிடம் அவள் என்னை நம்பியது போல இதற்கு முன் நம்பியதில்லை.

அறிவிப்பு வந்தது. ஆட்சேபணை ஏற்கப்பட்டது. அமைதிக்கு முதலிடம். கடைசி வார்த்தை இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டது.

வைக்கோல் அப்படியே தரையில் மல்லாந்து படுத்துவிட்டான். என் மனைவி முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு சிரித்தாளா அழுதாளா தெரியவில்லை. நான் மட்டும் குதித்தேன். மலையளவு பணத்தைத் தோற்றுவிட்டு இப்படிக் குதித்தவன் அந்த மைதானத்தின் சரித்திரத்திலேயே இருக்கமாட்டான். குதித்த இடத்தில் கால் வழுக்கியது. பார்த்தால் தரையெல்லாம் தண்ணீர். குளியலறைக் குழாயை நான் மூடவே இல்லை. தொட்டி நிறைந்து, வழிந்து, நடையைத் தாண்டி, முன்னறையில் வைக்கோலின் முதுகுவரை வந்திருந்தது. அவனுக்கு அதுகூடத் தெரியவில்லை. சிரித்துக்கொண்டே கிடந்தான்.

மூன்று பேரும் சேர்ந்து தண்ணீரைத் தள்ளினோம். துணிகளைக் காப்பாற்றினோம். நானே வளையல்களை அவள் கையில் போட்டுவிட்டேன். ஒன்று நன்றாக நுழைந்தது. இன்னொன்றுக்குச் சோப்புத் தேவைப்பட்டது. பிறகு காபி குடித்தோம். அவ்வளவு ருசியான காபியை நான் குடித்ததில்லை. தெருவில் யாரோ ஒருவன் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனான். எதிர்வீட்டில் யாரோ துணி உதறினார்கள். எல்லாம் நேற்றுப்போலவே இருந்தது. நேற்றுப்போலவே இருப்பது எவ்வளவு பெரிய பாக்கியம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

குடித்து முடித்ததும், ஒரு வருடமாக நான் தோற்ற பணமெல்லாம் எங்கே என்று கேட்டேன். கேட்கக்கூடாதுதான். ஆனால் தோற்றவனுக்கு அந்த உரிமைகூட இல்லையா.

அவள் மூலையில் போர்த்தியிருந்த உறையை எடுத்தாள். உள்ளே ஓவர்லாக் மிஷின். துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கிற மிஷின், பழையதுதான், ஆனால் பளபளவென்று இருந்தது. ஏழெட்டு மாதமாக அதே மூலையில் இருக்கிறது. எங்கிருந்து வந்தது என்று நான் அப்போதே கேட்டேன், கடவுள் கொடுத்தார் என்றாள். கடவுள் அலுவலகத்தில் நான்தான் காசாளர் என்று எனக்குத் தெரியாது. அது வந்த பிறகுதான் பள்ளிக்கூட ஆர்டர்கள் வந்தன. அது வந்த பிறகுதான் மாதத்தின் இரண்டாம் பாதியில் நாங்கள் மூச்சு விட்டோம். நான் தோற்ற குதிரைகளெல்லாம் மூலையில் ஒரு மிஷினாக நின்று எங்களுக்காக ஓடிக்கொண்டிருந்திருக்கின்றன.

எனக்கு மனம் நெகிழ்ந்துவிட்டது. எழுந்து நின்றேன். மிஷின்மேல் கையை வைத்தேன். இடுப்பில் செருகியிருந்த ரேஸ் புத்தகத்தை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். இந்த நிமிடத்திலிருந்து குதிரை என்ற பேச்சே கிடையாது, ஒரு காசு கட்டமாட்டேன், மைதானத்தின் திசையில் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன் என்று இரண்டு பேர் சாட்சியாகச் சொன்னேன். இத்தனை வருடமாக அவள் கேட்க ஆசைப்பட்ட வார்த்தைகள். அவள் முகம் மலரும் என்று பார்த்தேன்.

மலரவில்லை. அக்காவும் தம்பியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வைக்கோல் தலையிலிருந்த துரும்பை எடுத்து உருட்ட ஆரம்பித்தான். மனைவி குப்பைக் கூடையிலிருந்து ரேஸ் புத்தகத்தை எடுத்தாள். ஈரத்தைத் துடைத்து, மடிப்பை நீவி, என் கையில் கொடுத்தாள்.

"திடீர்னு இப்படி நிறுத்தினா எப்படிங்க? பட்டன் துளை தைக்கிற காஜா மிஷினுக்கு முன்பணம் குடுத்துட்டேனே."